ஆறு பேரும் போய்விட்டார்களாம்

அறிக்கையின் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்ததும், தவறிப்போய் வேறு மாவட்டத்தின் வரியைப் படித்துவிட்டோம் என்றுதான் யோலாண்டா பரகான் முதலில் நினைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து மறுபடி படித்தாள். தங்கள் மாவட்டம்தான். பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தவர்கள்: ஏழு. இன்றும் அரசு மனநலப் பணியில் நீடிப்பவர்கள்: ஒன்று. விலகியவர்கள்: ஆறு.

நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு வெளியே, விலகிய ஆறு பேரில் ஒருத்தியான ஓரலியா, ஜெராக்ஸ் மெஷினைத் திறந்துவைத்து, சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மிஹா, நீ வேலையை விட்டுட்டியா?" ஸ்பானிஷில் மகளே என்று அர்த்தப்படும் அந்த வார்த்தையால்தான் தன்னிடம் பயிற்சி எடுத்த எல்லாப் பெண்களையும் கூப்பிடுவாள்.

"இன்னும் இல்ல. இந்த மெஷின் இப்படியே பண்ணிச்சுன்னா மத்தியானத்துக்குள்ள விட்டுடுவேன்."

"விட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். அறிக்கையில போட்டிருக்கு."

"அப்படியா? அப்ப இந்தப் பேப்பரை யாரு இழுக்கிறதாம்?"

ஏற்பாடு இதுதான். சமூகப் பணியில் முதுகலை படிக்கிறவர்களில் சிலருக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. படித்து முடித்ததும் வசதியானவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தனி அறை போட்டு உட்கார்ந்துவிடாமல், ஏழைபாழைகள் வருகிற அரசு மனநல மையங்களில் வேலை பார்க்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த மாணவர்களை இரண்டாம் வருஷம் இந்த மையத்தில் வைத்துப் பழக்குவது பத்து வருஷமாக யோலாண்டாவின் பொறுப்பு. கலிபோர்னியாவின் கடற்கரைப் பக்கம் படித்தவர்கள் இந்த உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்கு வருவதே அபூர்வம். வாதுமைத் தோப்பும் தக்காளி லாரியும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்பார்கள். கோடையில் நூற்றுப் பத்து டிகிரி. குளிர்காலத்தில் எதிரே வரும் வண்டி தெரியாத மூடுபனி. அப்படியும் அவளிடம் பழகிய ஏழு பேர் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஜூலை முதல் தேதி, மாவட்ட நிர்வாகம் இந்த மையத்தை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. கட்டடம் அதே. நாற்காலிகள் அதே. வருகிற நோயாளிகள் அவர்களேதான். மாவட்டம்தான் இன்றைக்கும் செலவைக் கொடுக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு மட்டும் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். இப்போது நரி கடித்துவிட்டது.

அறிக்கையோடு வந்த கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர்கூட நீடிக்காத மாவட்டங்களுக்கு வரும் கல்வியாண்டில் மாணவர்கள் அனுப்பப்பட மாட்டார்கள். வரைவு அறிக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் எழுதலாம், ஐந்நூறு எழுத்துக்குள்.

ஆகஸ்டில் இந்த மையத்துக்கு வரவேண்டிய மாணவியின் பெயர் மீ லோர். ஹ்மோங் பெண், வீட்டில் ஹ்மோங் பேசி வளர்ந்தவள். புதன்கிழமைதோறும் பதினாலு ஹ்மோங் முதியவர்கள் இங்கே கூடி உட்காருவார்கள். லாவோஸ் மலையிலிருந்து ஓடி, அகதி முகாமில் வருஷக்கணக்கில் கிடந்து, இந்த ஊருக்கு வந்து மிளகாய்த் தோட்டமும் பசலைக்கீரையும் போட்டவர்கள். அவர்கள் பேச்சில் துக்கம் மனசில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் நம்பிக்கை இழந்தீர்கள்' என்று அச்சடித்த கேள்வியைக் கேட்டால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பார்கள். அவர்களோடு பேசத் தெரிந்த ஒரே ஊழியர் சூ நெங் வாங். அறுபத்தாறு வயது. ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார். ஏற்கெனவே இரண்டு முறை யோலாண்டாவுக்காகத் தள்ளிப்போட்டவர். மீ லோர் வராவிட்டால் அந்தப் புதன்கிழமைக் கூட்டம் நின்றுவிடும். மாற்று ஆள் கிடையாது. இரண்டு வருஷமாக விளம்பரம் கொடுத்தும் விண்ணப்பித்தவர் ஒருவர்தான். அவரும் நேர்காணலுக்கு வரவில்லை.

மாநில அரசுக்காக அந்த அறிக்கையைத் தயாரித்த பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள். மதிப்பீட்டுக்குப் பொறுப்பானவர் கிரெட்சன் ஹால்வர்சன் என்ற அம்மாள். மூன்றாவது முயற்சியில் கிடைத்தார்.

"உங்க ஊருக்கு வியாழக்கிழமை வரதா ஏற்கெனவே திட்டத்தில இருக்கு. நேர்ல பார்த்துச் சரிபார்க்கிற அஞ்சு மாவட்டத்தில உங்களுதும் ஒண்ணு."

"வாங்க. போயிட்ட ஆறு பேரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."

மறுமுனையில் அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, "நன்றி" என்றார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்கினார். நாலு மணி நேரம் தானே கார் ஓட்டிவந்த களைப்பு முகத்தில். முதுகில் மலையேறுகிறவர்கள் மாட்டும் பை. கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிற ஆளை எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராக இருந்த யோலாண்டாவுக்கு, முதலில் தண்ணீர் கேட்டுக் குடித்த அந்த எளிமை கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

சாப்பாட்டு அறையில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு தட்டு நிறையச் சர்க்கரை தூவிய கோன்ச்சா ரொட்டி.

"இதோ ஆறு பேர். நீங்களே எண்ணிக்குங்க," என்றாள் யோலாண்டா.

கிரெட்சன் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"நீங்க எல்லாரும் வேலையில இருக்கீங்க, சரி. ஆனா நான் ஆளை எண்ணி அறிக்கை எழுத முடியாது. எனக்கு ரெண்டு ஆதாரம்தான். மாவட்டத்தோட ஊழியர் பட்டியல்; அதில நீங்க இல்ல. ரெண்டாவது, நீங்களே நிரப்பி அனுப்பின கேள்வித்தாள்."

"சுவாசிக்கிறது மூணாவது ஆதாரம் இல்லையா?" என்றாள் ஓரலியா.

"அப்ப அந்த ஒருத்தர் யாரு தெரியுமா?" யோலாண்டா எழுந்துவிட்டாள். "எங்க மாவட்டத்தில நீடிச்ச ஒரே வெற்றி? வாங்க, காட்டறேன். ரொம்ப தூரம் இல்ல."

வண்டி நிறுத்துமிடத்தின் மறுகோடியில், மாவட்ட வாகனப் பிரிவின் தகரக் கொட்டகை. ஜன்னலுக்குப் பின்னால் பிரெண்ட் உட்கார்ந்திருந்தான். ஒப்பந்தத்துக்கு விட்டபோது மாவட்டத்தை விட்டுப் போக விரும்பாமல், மனநலத் துறையின் வாகனப் பிரிவில் காலியாக இருந்த இடத்துக்கு மாறிக்கொண்டவன். சுவர் முழுக்க ஆணியடித்துக் கார் சாவிகள். கழுத்தில் நீலக் கயிறு.

"பிரெண்ட், இவங்க பல்கலைக்கழகத்திலேருந்து வந்திருக்காங்க. உன் பயிற்சி உனக்கு எப்படி உதவுதுன்னு கேக்கறாங்க."

பிரெண்ட் நல்ல பையன். உண்மையாகவே யோசித்தான். "உதவாம என்ன? வண்டியை இடிச்சிட்டு வரவங்க சில பேரு ஜன்னல்கிட்ட நின்னு அழுவாங்க. நான் டிஷ்யூ குடுப்பேன். அப்புறம் ஃபார்ம் குடுப்பேன்."

"நோயாளிகளை எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?" என்றார் கிரெட்சன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"இல்லப்பா," என்றாள் யோலாண்டா. "நீதான் எங்க மானத்தைக் காப்பாத்தறே."

வெயிலில் திரும்பி நடந்தார்கள். தார் ஒட்டியது. பாதி வழியில் கிரெட்சன் நின்றார்.

"நீங்க சொல்ல வரது புரியுது. அவரைக் கணக்கிலேருந்து நீக்கணும்னு நான் இப்ப எழுதலாம். எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஏழில ஒண்ணுங்கிறது ஏழில பூஜ்யம் ஆயிடும்."

யோலாண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. "அம்மா, முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். சுவரோட பேசறவங்ககிட்டப் பேசியிருக்கேன். அவங்க சொல்றதில ஒரு ஒழுங்கு இருக்கும்."

கிரெட்சன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒப்பந்த நிறுவனத்தில இருக்கிறவங்களையும் நாங்க கணக்கில எடுக்கறோம். விட்டுடலை. பதினாலாவது கேள்வியிலே அதுக்குன்னே இடம் இருக்கு. உங்க ஆளுங்கதான் அதைத் தொடலை."

"எங்க இருக்கு?"

"காட்டறேன், வாங்க."

சாப்பாட்டு அறையில் மடிக்கணினியைத் திறந்து ஓரலியாவின் முன் வைத்தார். "நீங்க அன்னிக்கு நிரப்பின மாதிரியே நிரப்புங்க."

பதினாலாவது கேள்வி: உங்களுக்கு வேலை கொடுத்திருப்பது யார்? மாவட்ட நிர்வாகம், மாநில அரசு, மத்திய அரசு, மற்றவை. ஓரலியா 'மற்றவை'யைத் தொட்டாள். பதினைந்தாவது கேள்வி வந்தது.

"நில்லுங்க. ஒப்பந்தம்னு ஒரு இடம் வரலை?"

"எங்க வந்துச்சு? நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

அடுத்தவனுக்குக் கொடுத்தார். அவனும் 'மற்றவை'. ஆறு பேரும் அதையே செய்தார்கள். கடைசியில் கிரெட்சன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நிதானமாக ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். 'மாவட்ட நிர்வாகம்' என்பதைத் தொட்டபோது அதன் கீழே இன்னொரு வரி திறந்தது: நேரடி ஊழியரா, ஒப்பந்த நிறுவனத்தின் வழியாகவா?

ஓரலியா குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"அதாவது," என்றாள் ஓரலியா, "எனக்கு வேலை குடுத்தது மாவட்டம்தான்னு நான் முதல்ல பொய் சொல்லணும். சொன்னாத்தான் உண்மையைச் சொல்ல இடம் குடுப்பீங்க."

"நெறிமுறைக்குன்னே ஒரு பாடம் வச்சு, பொய் எழுதக்கூடாதுன்னு ஒரு வருஷம் பூராச் சொல்லிக் குடுத்தீங்க," என்றான் இன்னொருவன். "அதை மட்டும் நாங்க நல்லாப் படிச்சிட்டோம்."

கிரெட்சன் வேறொரு கோப்பைத் திறந்தார். தேடினார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"மாநிலம் பூரா தொள்ளாயிரம் பேர் நிரப்பியிருக்காங்க. இந்த ஒப்பந்தக் கட்டத்தைத் தொட்டவங்க நாலு பேர்."

"அந்த நாலு பேரும் கை தவறித் தொட்டிருப்பாங்க," என்றாள் யோலாண்டா.

ஆறு பேரும் வேலைக்குத் திரும்பிய பிறகு இரண்டு பெண்களும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டித் தட்டில் ஒன்றுதான் மிச்சம்.

"உங்க மாவட்டத்து வரியை நானே திருத்திடுவேன்," என்றார் கிரெட்சன். "நேர்ல வந்து பார்த்த இடத்தில எனக்கு அந்த அதிகாரம் இருக்கு. ஏழில ஆறு. திங்கள்கிழமை அறிக்கை சேக்ரமெண்டோவில சட்டசபைக்குப் போகும். அதோட கூடவே மாணவர்களுக்கான கடிதமும் போயிடும். உங்க பொண்ணு ஆகஸ்டில வந்துடுவா."

யோலாண்டா மூச்சை விட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்ப நாலாம் பக்கம்?"

நாலாம் பக்கம்தான் எல்லோரும் படிக்கப்போகிற பக்கம். மாநிலம் முழுவதையும் பற்றி ஒரே வரி, கொட்டை எழுத்தில்: பயிற்சி பெற்றவர்களில் பத்தில் நான்கு பேர் அரசு மனநலப் பணியை விட்டு விலகிவிடுகிறார்கள்.

"நாலாம் பக்கம் தப்பு," என்றார் கிரெட்சன். "எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியாது. தொள்ளாயிரம் பேருக்கும் திரும்பக் கேள்வித்தாள் அனுப்பினாத்தான் தெரியும். செப்டம்பர் கடைசி ஆயிடும். அதுவரைக்கும் எந்த மாவட்டத்துக்கும் மாணவர்கள் கிடையாது. அக்டோபர்லதான்."

"சரி, அறிக்கையை நிறுத்துங்க. நீங்கதானே பொறுப்பு?"

"நானே கண்டுபிடிச்சேன்னு போய் நின்னா, எங்க துறைத் தலைவர் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்பார். இது மாதிரி மூணு தடவை சொல்லியிருக்கார். வெளியிலேருந்து எழுத்துல வந்தா அவர் பதில் எழுதாம அறிக்கையை அனுப்ப முடியாது, அது விதி." பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன், எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். கருத்துக்கு நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஐந்நூறு எழுத்து."

"ஐந்நூறு எழுத்து," என்று ஒப்புக்கொண்டார் கிரெட்சன்.

அன்றைக்கு மீதிப் பொழுதும் மறுநாள் காலையும் யோலாண்டா எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். எழுதாவிட்டால் மீ லோர் ஆகஸ்டில் வருவாள். ஜூலை ஒரு மாதத்தை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். ஆனால் பத்தில் நான்கு பேர் ஓடிவிடுகிறார்கள் என்று படித்த சட்டசபை உறுப்பினர் எவரும் அடுத்த வருஷம் இந்த உதவித்தொகைக்குக் கை தூக்க மாட்டார். அப்புறம் எந்த ஊருக்கும் எந்த மீ லோரும் வரமாட்டாள். எழுதினால் அக்டோபர். மூன்று மாதம் கதவடைத்தால் அந்தப் பதினாலு பேரில் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வரக் கூச்சப்படுவார்கள், தங்களை வேண்டாம் என்றுதானே மூடினார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சூ நெங்கின் மேஜை முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு விரலால் கணினியில் குறிப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"சூ நெங், ஒண்ணு கேக்கணும்."

அவர் நிமிரவில்லை. "முடியாது."

"என்னன்னு இன்னும் சொல்லவே இல்லையே."

"போன வருஷமும் இதே இடத்தில இதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னே. அதுக்கு முந்தின வருஷமும்."

சொன்னாள். கட்டம், நாலாம் பக்கம், அக்டோபர், எல்லாவற்றையும். அவர் பாதியில் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரு கட்டம் தப்பான இடத்தில இருந்ததுக்காக நான் மூணு மாசம் கூட உழைக்கணும்."

"ஆமா."

"இதுக்குப் பல்கலைக்கழகத்தில படிச்சாங்களா?"

"டாக்டர் பட்டம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "புதன்கிழமை மட்டும் வரேன். மத்த நாள் என் பொண்டாட்டியோட தோட்டத்தில நிப்பேன். பெரியவங்களோட உட்காருவேன், பேசுவேன், அவங்களுக்கு டீ போடுவேன். ஆனா ஒரு குறிப்புகூட எழுத மாட்டேன். ஒரு வரிகூட. இருபத்தேழு வருஷம் எழுதியாச்சு."

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். பதினாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தாலும் குறிப்பு பதினாலு. ஒவ்வொன்றிலும் என்ன குறை, என்ன செய்தோம், என்ன பலன், அடுத்து என்ன, எத்தனை நிமிஷம் என்று தனித்தனியாக எழுதவேண்டும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு ஒட்டினால் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பதினாலும் நானா?"

"நீதான் கேட்டே."

"எனக்கு ஹ்மோங் ஒரு வார்த்தை தெரியாது."

"நான் சொல்றேன், நீ எழுது. மெதுவாத்தான் சொல்வேன்."

யோலாண்டா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்நூறு எழுத்தில் அடக்க நாலு முறை வெட்டவேண்டியிருந்தது. 'தயவுசெய்து' முதலில் போயிற்று; 'மதிப்புக்குரிய' அடுத்தது. பதினாலாவது கேள்வியின் ஒப்பந்தக் கட்டம் ஒப்பந்த ஊழியர்களின் கண்ணில் படவே படாது, ஆகவே நாலாம் பக்கத்து எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல, அதைத் திருத்தாமல் அனுப்பக் கூடாது என்பது மட்டும் மிஞ்சியது. ஐந்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி. இந்த அனுபவத்தை மதிப்பிட ஒரு நிமிஷம் ஒதுக்க முடியுமா?' என்று திரையில் வந்தது. முடியாது என்று சத்தமாகவே சொன்னாள்.

ஜூலை முதல் புதன்கிழமை அவள் கூட்ட அறையின் மூலையில், மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளரிக்காய்ப் பை ஒன்று கை மாறிக்கொண்டிருந்தது. நியா தூ என்ற கிழவர் நெடுநேரம் பேசினார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். சூ நெங் அவருக்கு டீ ஊற்றினார்.

"என்ன சொன்னார்?" என்று கிசுகிசுத்தாள் யோலாண்டா, பேனாவோடு.

"இரு. இன்னும் முடிக்கலை."

கிழவர் பேசாமலே இருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும். யோலாண்டா கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தைக் குறித்துக்கொண்டாள். "முடிச்சிட்டாரா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் அவள் பக்கம் திரும்பி, சூ நெங்கிடம் ஏதோ கேட்டார். சூ நெங் பதில் சொன்னார். அதற்குக் கிழவர் ஒரு வரி சொன்னார். அறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

"இப்ப என்ன?"

"மூலையில உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருக்காளே, அந்தம்மா யாருன்னு கேட்டார். புதுசாப் பயிற்சிக்கு வந்திருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?"

"அதுக்கில்ல. அப்புறம் அவர் சொன்னதுக்கு. எழுத்து வேகமா இருக்கு, கேக்கத்தான் இன்னும் பழகலைன்னார்." சூ நெங் கெட்டிலைக் கீழே வைத்தார். "இதையும் எழுதணுமா?"

யோலாண்டா பேனாவை மூடி, குறிப்பேட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு வெள்ளரிக்காயை வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு குறிப்புகளை எதை வைத்து எழுதுவது என்பது மத்தியானத்துக் கவலை. கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார்.